செவலைக்கு வந்ததும் வராததும்

ஜீப்பு ஏரிக்கரைமேல் ஏறுவதைப் பார்த்ததுமே பாதிச் சனம் மாட்டை அவிழ்த்துக்கொண்டு முந்திரிக்காட்டுப் பக்கம் போய்விட்டது. ஊசி என்றால் எங்கள் மேட்டுவெளியில் மாடு பதுங்கும். பால் வற்றும், சினை கலையும் என்று ஒரு பேச்சு. யார் கிளப்பியதென்று தெரியாது. இந்தத் தடவை வந்தவர்கள் ஊசி போட வரவில்லை, ரத்தம் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மிச்சம் நின்றவர்களும் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

“போடறவன் வரான், சரி. எடுக்கறவன் எதுக்கு வரான்?” என்றான் ஆண்டி. “மாட்டு ரத்தத்த வச்சி என்னா பண்ணுவான்?”

“சீசாவப் பாத்தியா, சுண்டுவெரல் மொத்தம்கூட இல்ல. பொரிச்சாலும் ஒரு வாய்க்குப் பத்தாது,” என்றார் பால் சொசைட்டி சுப்பராயலு.

“நீ சிரி. மெட்ராசுக்குக் கொண்டுபோயி மருந்து பண்ணி நம்பகிட்டயே விப்பான். அப்பத் தெரியும்.”

வெள்ளம் வந்து வடிந்த அடுத்த மாசி மாசம் அது. சர்க்கார் கலர் டிவி குறிஞ்சிப்பாடி வரைக்கும் வந்துவிட்டது, எங்கள் தெருவுக்கு வரவில்லை. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து கரும்பு வெட்டுக்குப் போக முடியவில்லை. மாட்டாஸ்பத்திரியில் மாடு பிடிக்க ஆள் தேடினால் நான் போவேன். அப்படித்தான் அன்றைக்கும் ஜீப்புக்காரர்களோடு நின்றேன். வந்தவர்களில் பெரியவர் ஒரு பெண்பிள்ளை, மாட்டு டாக்டர், அனுப்பிரியா என்று பேர். சேலத்துப் பக்கப் பேச்சு. சிதம்பரத்தில் ரூம் எடுத்துத் தங்கி, தினம் ஒரு ஊராக வந்துபோய்க்கொண்டிருந்தார்கள்.

யாரும் கூப்பிடாமலே மாட்டை ஓட்டிவந்தவன் பொன்னுரங்கம் ஒருவன்தான். செவலையைக் குளிப்பாட்டி, கொம்பில் எண்ணெய் தடவி, மாட்டுப் பொங்கலுக்கு ஓட்டிவருகிற மாதிரி ஓட்டிவந்தான். அவன் எனக்குப் பக்கத்து வீடு. மச்சான் முறை. அவன் பொண்டாட்டி மங்கலம் எனக்குத் தங்கச்சி முறை. அவள் பின்னாலேயே வந்தாள். வருகிறவள் மாதிரி இல்லை, இழுத்துக்கொண்டு வரப்படுகிறவள் மாதிரி.

அவன் ஏன் அப்படி ஓட்டிவந்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மார்கழியில் எங்கள் ஊர் மாடுகளுக்குக் கோமாரி வந்தது. வாயெல்லாம் கொப்புளம், நூல் நூலாக எச்சில், குளம்பு இடுக்கில் புண். மாடுகள் காலை உதறி உதறிக் கத்தின. வைக்கோலைப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு அழுகிற மாதிரி தலையைத் திருப்பிக்கொள்ளும். பெரிய மாடுகள் தேறின. கன்றுகள் போய்விட்டன. முதலில் போனது ஆண்டி வீட்டுக் கன்று. தெருவிலேயே எச்சில் ஒழுகாமல் நின்றது பொன்னுரங்கத்தின் செவலை ஒன்றுதான். அது போதாதா? ஆவணியில் சந்தையில் பிடித்துவந்த மாடு, வெளியூர் மாடு. “எல்லாத்துக்கும் குடுத்துட்டு அது பாட்டுக்கு நின்னு அசபோடுது பாரு” என்று ஆண்டிதான் ஆரம்பித்தான். அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். எங்கள் வீட்டிலும் சொன்னோம்.

சொசைட்டியில் பொன்னுரங்கம் வீட்டுப் பாலை ஊற்றிக்கொள்ளவில்லை. தெருமுனைத் தண்ணித் தொட்டியில் செவலை வாய்வைக்கக் கூடாது என்று ஆனது. கரும்பு வெட்டுகிற செட்டு அவனை விட்டுவிட்டு ஆள் கட்டிப் போனது. ஒரு மாட்டுத் தரகன் மட்டும் தவறாமல் வந்து செவலையின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனான். சினைமாடு என்றால் சிரித்தான். “கோமாரி குடுத்த மாடுன்னு பேரு விழுந்துபோச்சி. எவன் வாங்கிக் கட்டுவான்? லாரிக்குத்தான்,” என்றான். லாரி என்றால் கேரளாவுக்கு. வெட்டுக்கு.

ஆகையால் நோய் வந்ததா இல்லையா என்பது ரத்தத்தில் தெரிந்துவிடும் என்று யாரோ சொன்னதும் பொன்னுரங்கம் அதைப் பிடித்துக்கொண்டான்.

மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பூவரச மரத்தோடு சேர்த்து, கழுத்தை ஒரு பக்கம் திருப்பி நான் பிடித்தேன். அந்தம்மா கழுத்து நரம்பைக் கட்டைவிரலால் அழுத்தினார். நரம்பு பாம்பு மாதிரி எழுந்தது. ஊசி உள்ளே போனதும் செவலை ஒரு முறை தோலைச் சிலிர்த்தது, அவ்வளவுதான். கறுத்த ரத்தம் சீசாவில் ஏறியது. மங்கலம் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள்.

“ஊசி போட்டிருக்கா?” என்று அந்தம்மா கேட்டார்.

“பொரட்டாசியில போட்டதுங்க. ஊரே காட்டுக்கு ஓட்டிச்சி, நான் ஓட்டல.”

“மார்கழியில இதுக்குக் கோமாரி வந்துச்சா? வாயில எச்சில், நொண்டல், எதாச்சும்?”

“வரலைங்க. அடிச்சிச் சொல்றன்.”

“அடிச்செல்லாம் சொல்ல வேண்டாங்க. உண்மையச் சொன்னாப் போதும். அதுதான் எங்களுக்கு வேணும்.” சீசாவைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஊசி போட்டாலும் ரத்தத்துல எதிர்ப்பு உண்டாகும். நோய் வந்துபோனாலும் உண்டாகும். இதுவரைக்கும் ரெண்டையும் பிரிச்சிப் பாக்கறது கஷ்டம். நாங்க புதுசா ஒரு டெஸ்ட் பண்ணிட்டிருக்கோம். ஊசி மருந்துல இருக்கறது செத்த கிருமி. உள்ள போயிப் பெருகாது. நெஜமான நோய்னா கிருமி உள்ள பெருகும். பெருகறப்ப மட்டும் வர்ற சாமான் ஒண்ணு இருக்கு. அதுக்கான எதிர்ப்பு ரத்தத்துல இருக்கான்னு தேடறோம்.”

பொன்னுரங்கம் கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தான். “அதாவது வாசல்ல நின்னு பேசிட்டுப் போனவன் யாரு, உள்ளார வந்து சோறு தின்னுட்டுப் போனவன் யாருன்னு சொல்லும்.”

அந்தம்மா சிரித்துவிட்டார். “ஆமாங்க. தின்னவனோட எச்சில் எல கெடக்குமில்ல, அதத் தேடறோம். ஆனா இந்த டெஸ்டு சரியா வேலை செய்யுதான்னே இன்னும் தெரியாது. நீங்க சொல்றதையும் ரத்தம் சொல்றதையும் வச்சிதான் சரிபாக்கணும்.”

“அப்ப வந்து சொல்லுவீங்களா?”

“வீடு வீடா சொல்றது வழக்கம் இல்லைங்க.”

“எனக்குச் சொல்லணுங்க,” என்றான் அவன்.

ஆண்டி தன் மாட்டில் ரத்தம் எடுக்க விடவில்லை. “பாவம், கூடக் கட்டியிருந்த கன்னு செத்த துக்கத்துல இருக்குது” என்றான். மாடா துக்கத்தில் இருந்தது? அது வைக்கோலைக் கடித்துக்கொண்டிருந்தது. அவன் பொண்டாட்டி ஞானாம்பாள் சாணிக்கூடையோடு கொட்டகை ஓரத்தில் நின்று, செவலையின் ரத்தம் போகிற பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை. கன்றைப் பறிகொடுத்தவள் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஜீப்பு போனதும் மங்கலம் என்னைக் கூழ் குடிக்கக் கூப்பிட்டாள். கேழ்வரகுக் கூழ், சுட்ட நெத்திலிக் கருவாடு, பச்சை வெங்காயம். பொன்னுரங்கம் செவலைக்குத் தவிடு கரைத்துக்கொண்டு வெளியே இருந்தான். அவள் சொம்பை எனக்கு முன்னால் வைத்துவிட்டுக் குரலை இறக்கினாள்.

“அண்ணே, ரத்தத்துல எது எதுல்லாம் தெரியும்?”

“கோமாரி வந்துச்சா இல்லியான்னு தெரியும்னாங்க.”

“எப்ப வந்துச்சின்னு தெரியுமா? எப்பிடி வந்துச்சின்னு?”

“வராத மாட்டுக்கு எப்பிடி வந்துச்சின்னு ஏன் கேக்கற?”

“சும்மாதான்,” என்றாள். கருவாட்டு முள்ளை எடுக்கிறவள் மாதிரி விரலையே பார்த்தாள்.

வெளியே தவிடு கரைக்கிற சத்தம் நின்றிருந்தது. பொன்னுரங்கம் நனைந்த கையோடு வாசலில் நின்றான். “ஏம்மே, நான் வெட்டுக்குப் போயிருந்தப்ப மாட்ட எங்க கட்டியிருந்த?”

“எங்க கட்டுவாங்க? கட்டுற எடத்துலதான்.”

“வேற எங்கனா ஓட்டிக்கினு போனியா?”

“ஆமா, சினிமாவுக்கு ஓட்டிக்கினு போனன். கேக்கறான் பாரு கேள்வி.”

மார்கழியில் அவன் சேத்தியாத்தோப்புப் பக்கம் கரும்புக் கொல்லையில் குடிசை போட்டுத் தங்கி வெட்டிக்கொண்டிருந்தான். மாடு முழுக்க மங்கலம் கையில்தான். அன்றையிலிருந்து அவனுக்கு அது அரிக்க ஆரம்பித்துவிட்டது. பங்குனி முழுக்கப் பார்த்தேன். காலையில் செவலையின் வாயைப் பிளந்து நாக்கைத் தடவிப் பார்ப்பான். குளம்பைத் தூக்கி இடுக்கில் மோந்து பார்ப்பான். தொட்டியில் விடாததால் மங்கலம் குளத்துக்கு மாட்டை ஓட்டினால் கொஞ்சம் தள்ளி இவனும் போவான். என்னிடம் வந்து, “மச்சான், அந்த ஜீப்பு டிரைவரு ஆண்டிகூட நின்னு பீடி குடிச்சான், பாத்தியா? சீசாவ மாத்தியிருப்பானா?” என்பான். பீடி குடித்தால் சீசாவை மாற்றுவானா என்று கேட்டேன். “ஒண்ணும் சொல்லறதுக்கில்ல” என்றான். மல்லாட்டைக் கொடி பிடுங்கிக் கடலை ஆய்கிற கூலிக்கு என்னோடு ஒருநாள் வந்தான். வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது யாரும் அவன் தூக்கிலிருந்து குழம்பு வாங்கவில்லை. அவனும் கேட்கவில்லை, மூடியைப் போட்டு மூடிவிட்டான்.

சித்திரை வெயிலில் ஜீப்பு மறுபடி வந்தது. இந்தத் தடவை நேராகப் பொன்னுரங்கம் வீட்டுக்கே வந்து நின்றது. டிரைவர் இறங்கி டீக்கடைப் பக்கம் போனான். அந்தம்மா கொட்டகைக்குள் வந்து, கவிழ்த்துப்போட்ட கூடைமேல் உட்கார்ந்தார். முகம் சரியில்லை.

“அய்யா, உங்க மாடு ஒண்ணுதாங்க எங்களக் கொழப்புது. மத்த மாட்டுக்கெல்லாம் ஊர்க்காரங்க சொன்னதும் ரத்தம் சொன்னதும் சரியா இருக்கு. உங்க மாட்டுக்கு நீங்க வரலைன்னு சொன்னீங்க. ரத்தம் வந்துச்சின்னு சொல்லுது. ரெண்டு தடவ பாத்துட்டேன்.”

பொன்னுரங்கம் செவலையின் வாயைப் பார்த்தான்.

“ஊசி போட்டிருந்ததால வெளிய தெரியாம லேசா வந்துபோயிருக்கலாம். இல்லைன்னா எங்க டெஸ்ட் தப்பு. தப்புன்னா நாங்க முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதான் நேர்ல கேக்க வந்தேன். நெஜமாவே ஒண்ணும் தெரியலையா? ஒரு நாள்கூட?”

“தப்புதாங்க,” என்றான் பொன்னுரங்கம். “ஒங்க டெஸ்டுதான் தப்பு. அப்பிடியே எழுதிக்கோங்க. எழுதி எங்கிட்ட ஒண்ணு குடுங்க, சொசைட்டில காட்டணும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மங்கலத்தைப் பார்த்தேன். மங்கலம் செவலையின் தாடைக்கடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“டெஸ்ட்டு தப்பில்லம்மா,” என்றாள். “அதுக்கு வந்துச்சி. நாந்தான் வரவச்சன்.”

பொன்னுரங்கம் திரும்பினான். அப்படித் திரும்பியதை நான் பார்த்ததில்லை. முதலில் கழுத்து, அப்புறம்தான் உடம்பு.

“ஆண்டி வூட்டுக் கன்னு வாயில எச்சி ஊத்திக்கினு நின்னுச்சி. அதத் தொட்டு நம்பளுக்கும் வரத்தான் போவுது. வயித்துல கன்னு பெருசானப்பறம் வந்தா கலைஞ்சிபூடும். இப்பவே லேசா வந்துட்டுப் போவட்டும்னு நெனச்சன். லால்பேட்டைக்கு இந்தாண்ட எங்க அம்மா வூட்ல அப்பிடித்தான் செய்வாங்க. ஒரு மாட்டுக்கு வந்தா அது எச்சிய வழிச்சி எல்லா மாட்டு வாயிலயும் தேச்சிடுவாங்க. ஒரே வாட்டியா வந்து ஒரே வாட்டியா போயிடும். மார்கழில கோலம் போட எழுந்தப்ப, அவுங்க கொட்டகையில பூந்து ஒரு துணியில வழிச்சிக்கினு வந்து இது நாக்குல தேச்சன்.”

“அப்பறம்?” என்றார் அந்தம்மா. அவர் எழுந்தே விட்டார்.

“ஒதட்டுல ரெண்டு கொப்புளம் வந்துச்சி. கொஞ்சம் எச்சி. நல்லெண்ணெயில வாழப்பழத்த ஊறவச்சிக் குடுத்தன். அடங்கிடுச்சி. யார் கண்ணுக்கும் தெரியல.”

“அப்ப எங்க டெஸ்ட் சரி!” அந்தம்மாவின் முகம் விரிந்தது. “அவ்ளோ லேசா வந்ததக்கூடப் புடிச்சிருக்கு!” சொல்லிவிட்டுத்தான் எங்கள் முகங்களைப் பார்த்தார். விரிந்தது சுருங்கியது. “இனிமே அப்பிடிச் செய்யாதீங்கம்மா. அது ரொம்ப ஆபத்து. ஊசி போட்டிருந்ததாலதான் தப்பிச்சிது. ஆனா கிருமி இதுகிட்டேர்ந்தும் மத்ததுக்குப் போயிருக்கலாம்.”

“ஒங்க டெஸ்டு சரிங்கம்மா,” என்றான் பொன்னுரங்கம். “எங்க மாடு குடுக்கல, அங்கேர்ந்துதான் வாங்கிச்சின்னு அது சொல்லுமா?”

“யார்கிட்டேர்ந்து வந்துச்சின்னு சொல்லாதுங்க. வந்துச்சின்னு மட்டும்தான் சொல்லும்.”

“அப்ப ஊர் சொல்றததான் அதுவும் சொல்லுது.”

அவர் செவலையின் வயிற்றைத் தடவிப் பார்த்து, கன்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் டிரைவர் டீக்கடையில் வாயைவிட்டிருந்தான். ஜீப்பு ஏரிக்கரை தாண்டுவதற்குள் ‘அந்த மாட்டு ரத்தத்துல கோமாரி இருக்குதாம்’ என்பது தெரு முழுக்கப் போய்விட்டது. தரகன்கூட எங்கிருந்தோ முளைத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான்.

“ஏம்மே எங்கிட்ட சொல்லல?” பொன்னுரங்கம் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தான். “ஊர் காறித் துப்புச்சி. நான் சாமி மேல சத்தியம் பண்ணிக்கினு அலஞ்சன்.”

“எப்பிடிச் சொல்ல? நான் வழிச்சிக்கினு வந்த மறுநாளே அந்தக் கன்னு செத்துப்போச்சி. விடியக்காலையில அடுத்தவன் கொட்டகையில பூந்து கன்னு வாயத் தொட்டன்னா என்னா சொல்லுவாங்க? செய்வின வச்சிட்டான்னுதான் சொல்லுவாங்க. மாட்டுக்கு வந்த பேரு மாட்டோட போவும். எனக்கு வந்தா போவுமா?”

பொன்னுரங்கம் தூணிலிருந்து கையை எடுத்தான்.

பொழுது சாய மாடுகள் ஏரியிலிருந்து திரும்பின. தெருமுனைத் தொட்டியைச் சுற்றிப் புழுதி. கொம்பும் வாலுமாக முட்டிக்கொண்டு தண்ணி குடிக்கிற நேரம். மங்கலம் யாரிடமும் சொல்லாமல் செவலையை அவிழ்த்தாள். பொன்னுரங்கம் “ஏய், எங்கமே?” என்று பின்னால் ஓடினான். நானும் போனேன்.

ஆண்டி தொட்டி முன்னால் கையை விரித்து மறித்தான். “ஜீப்புக்காரனே சொல்லிட்டான், வந்த மாடுன்னு. இன்னும் எந்த மூஞ்சிய வச்சிக்கினு ஓட்டியார?”

“வந்த மாடுதான். இல்லேங்கல. ஒன் வூட்லேர்ந்துதான் வந்துச்சி,” என்றாள் மங்கலம். “ஒங் கன்னு வாயிலேர்ந்து எச்சிய வழிச்சாந்து நாந்தான் இதுக்குத் தேச்சன்.”

குடிக்கிற மாடுகளைத் தவிர எல்லாம் நின்றுவிட்டது.

ஆண்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலைத்துண்டை உருவிக் கையில் எடுத்தான். “அடிப்பாவி! அப்ப எங் கன்னக் கொன்னவ நீதானா? கொட்டகையில பூந்து என்னா வச்சிட்டுப் போன?”

“எடுக்கத்தான் வந்தன். வைக்க வரல.”

“யாரு பாத்தா? எடுத்தியோ வச்சியோ, யாரு பாத்தா?”

“நான் பாத்தன்.”

ஞானாம்பாள் இடுப்பில் குடத்தோடு நின்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. தண்ணி எடுக்க வந்தவள் பக்கத்தில் இருக்கிறவளிடம் பேசுகிற மாதிரிதான் சொன்னாள்.

“கோலப் பொடி எடுக்க வந்தப்ப பாத்தன். துணியில வழிச்சிக்கினு இருந்தா. வேற ஒண்ணும் பண்ணல. அதுக்கு மின்னாடியே கன்னு வாய் ஊத்திக்கினுதான் இருந்திச்சி. வந்தப்பவே அப்பிடித்தான் வந்திச்சி.”

“என்னாமே ஒளர்ற?” என்றான் ஆண்டி. “எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“நீ எப்பக் கொட்டகைக்குள்ள வந்த, நான் சொல்ல? வெள்ளம் வடிஞ்சதும் கிள்ளையிலேர்ந்து எங்க அண்ணன் நம்ப பொண்ணுக்குத் தாய்மாமன் சீருன்னு ஓட்டியாந்த கன்னு. அவன் குடுத்த சீருதான் ஊரு மாட்டையே அழிச்சிச்சின்னு தெரிஞ்சா நீ ஆயுசுக்கும் சொல்லிக் காட்ட மாட்ட?”

ஆண்டி சொல்லிக் காட்டுவான் என்பது அவன் உட்பட அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஞானாம்பாள் மங்கலத்தைப் பார்த்தாள். “நீ வாயத் தொறந்தா என் வூட்டுப் பேரு போவும், நான் தொறந்தா ஒன் பேரு போவும். நீ எப்பத் தொறப்பியோன்னு நான் தெனம் பயந்துக்கினு கெடந்தன்.”

“நான் ஒன்னப் பாத்து பயந்தன்,” என்றாள் மங்கலம். “நீ பாத்தது தெரியாமலே.”

இருவரும் அழவும் இல்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. ஞானாம்பாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தன் வீட்டு மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிடித்துத் தொட்டியிலிருந்து ஒரு பக்கமாக நகர்த்தினாள். ஒரு மாடு நிற்கிற இடம் விழுந்தது. ஆண்டி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்க்க நடந்தான்.

“நாளைக்குப் பால் கொண்டாரன்,” என்றான் பொன்னுரங்கம், கூட்டத்தில் நின்ற பால் சொசைட்டி சுப்பராயலுவிடம்.

“கொண்டா… எதுக்கும் தலைவரக் கேட்டுட்டு…”

“ஆண்டி வூட்டுப் பால அப்ப ஊத்திக்கினியே, யாரக் கேட்ட?”

சுப்பராயலு பக்கத்தில் நின்ற மாட்டின் கொம்பைத் தடவிக்கொண்டிருந்தார். “சரி, கொண்டா,” என்றார்.

தரகன் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, வடலூர் ரோட்டைப் பார்க்க நடந்தான்.

செவலை அந்த இடத்துக்குள் போனது. எல்லோரும் பார்த்தார்கள். அது தொட்டியில் தலையைக் கவிழ்த்துத் தண்ணியை மோந்து பார்த்தது. குடிக்கவில்லை. மத்தியானமே வீட்டில் வயிறு முட்டக் குடித்திருந்தது.

“எங்கியாவது மானத்தக் காப்பாத்துதா பாரு,” என்றான் பொன்னுரங்கம்.

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மங்கலம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பொன்னுரங்கம் என்னோடு வந்தான். கொஞ்சதூரம் வந்ததும் அவளைக் கூப்பிட்டான்.

“ஏம்மே. எங்கிட்ட சொல்லாதது வேற ஏதுனா இருக்குதா?”

“இருந்தா சொல்லிப்புடுவனா?” என்றாள் அவள் திரும்பாமலே.

அவன் நின்றுவிட்டான். அவள் நிற்கவில்லை. செவலையும் நிற்கவில்லை.